ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்: பழைய நான்கு சக்கர இயக்க வண்டியைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை



தொலைக்காட்சி அரங்கத்தில் நாம் வழக்கமாகக் குடும்பம், கல்வி, வேலை வாய்ப்பு என்றுதான் பேசுவோம். இம்முறை "பழைய வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா?" என்ற தலைப்பை எடுத்தபோது, இதற்கெல்லாம் ஓர் அரங்கமா என்று நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். படப்பிடிப்பு அன்று பார்த்தால் நாற்காலி போதவில்லை. வார இறுதியில் காட்டுப்பாதைக்கு வண்டி எடுத்துச் செல்லும் இளைஞர்கள் ஒரு பக்கம், தோட்டத்தில் ஜீப்பும் லேண்ட் ரோவரும் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர்கள் மறு பக்கம், நடுவே கையில் எண்ணெய்க் கறையோடு பட்டறைக்காரர்கள். அன்று நான் தொகுத்துப் பேசியதன் எழுத்து வடிவம் இது. நேரம் போதாமல் விட்டுப்போனவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். இயந்திரம் படித்தவள் அல்ல. இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய லேண்ட் ரோவர் நிற்கிறது. அது என் அண்ணனைப் பிழைக்க வைத்தது. என் தம்பியின் கையை முறித்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

தோட்டத்தில் ஓடிய வண்டி

மலாக்கா மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிப நோக்கோடு ரப்பர் பயிரிடப்பட்டது அங்கேதான். தோட்டங்கள் பெருகின. நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். மண் சாலைகள் போடப்பட்டன. அந்தச் செம்மண் சாலைகள் மழைக்காலத்தில் எப்படி மாறும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தச் சேற்றுக்கென்றே பிறந்தது போல் வந்தது லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் மாத இறுதியில் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. போர் முடிந்து எஃகு கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. அதனால் உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். சேசியை மட்டும் எஃகுப் பெட்டிச் சட்டமாக அமைத்தார்கள். அதே 1948-இல்தான் மலாயாவில் அவசரகாலம் தொடங்கி 1960 வரை நீடித்தது. படையினரும் தோட்டத் துரைமார்களும் அந்த வண்டிகளில்தான் காட்டோரப் பாதைகளில் சென்றார்கள். துரை ஏறிப் போவார், ஓட்டுபவர் பெரும்பாலும் நம்மவராக இருப்பார்.

என் அப்பாவும் அப்படி ஓர் ஓட்டுநர்தான். 1969-இல் பதிவான, 88 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட சீரீஸ் 2ஏ வண்டி அது. 1984-இல் ஒரு மழை இரவு, லயத்தில் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டார். தோட்டத்துப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா துரையின் வீட்டுக் கதவைத் தட்டிச் சாவி வாங்கினார். பாலத்தருகே வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு கழியோடு தண்ணீருக்குள் நடந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு கீழ் கியரில் போட்டு, கிளட்சைத் தொடாமல், மனிதன் நடக்கும் வேகத்தில் அக்கரை சேர்த்தார். மலாக்கா பொது மருத்துவமனையில் அண்ணன் பிறந்தார்.

பின்னாளில் தோட்டம் செம்பனைக்கு மாறியது. அதன்பின் ஒரு பகுதி வீடமைப்புக்குப் போனது. நாங்கள் செங் வந்து சேர்ந்தோம். பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது அப்பா அதை இரும்பு விலைக்கு வாங்கி வந்தார். ரம்புத்தான் மரத்தடியில் அது பல ஆண்டுகள் நின்றது.

தம்பிக்கு நேர்ந்தது

தம்பிக்கு வேலை கிடைத்ததும் அந்த வண்டியின் மேல் கண் விழுந்தது. நண்பர்கள் எல்லாரும் காட்டுப்பாதைக்குப் போகிறார்கள், நம் வீட்டிலேயே வண்டி இருக்கிறதே என்று ஒரு பட்டறையில் விட்டான். அங்கே ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்தினார்கள். 31 அங்குலச் சேற்று டயர் போட்டார்கள். முன்னால் வின்ச், மேலே வரிசை விளக்கு, புதுச் சாயம். பார்ப்பதற்குப் படத்தில் வரும் வண்டி போலவே இருந்தது. அப்பா சுற்றிச் சுற்றி வந்து, "பிரேக்கு பார்த்தாங்களாடா?" என்று மட்டும் கேட்டார். "எல்லாம் பார்த்தாச்சுப்பா" என்றான் தம்பி.

மூன்றாவது வாரம். மழை விட்ட மறுநாள். செம்பனைக் காட்டில் ஒரு மேடு. பாதி ஏறியதும் சக்கரம் சுழன்று வண்டி நின்றுவிட்டது. தம்பி பிரேக்கை மிதித்தான். ஒரு நொடி நின்றது. அடுத்த நொடி மிதி பலகை தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கைப்பிரேக்கை இழுத்தான், பிடிக்கவில்லை. பயத்தில் கிளட்சையும் மிதித்தான். வண்டி பின்னோக்கி உருண்டு, குறுக்கே திரும்பி, வாய்க்காலில் சாய்ந்தது. அவன் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. பக்கத்தில் இருந்த நண்பனுக்குத் தலையில் தையல். அவ்வளவோடு போனது தெய்வச் செயல்.

பிறகு வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. வண்டியை உயர்த்தியவர்கள் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயை மாற்றவில்லை. பழைய நீளம், பழைய ரப்பர். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதெல்லாம் அது நூலாக இழுபட்டு, கடைசியில் பிய்ந்துவிட்டது. அந்தக் காலத்து வண்டியில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே வழிதான். ஒரு குழாய் போனால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. கைப்பிரேக்கோ சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டில் இருக்கிறது. அங்கே எண்ணெய் முத்திரை கசிந்து, பிரேக் கட்டை எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

ஆகப் புதுச் சாயத்துக்கும் விளக்குக்கும் பணம் இருந்தது. ஒரு முழ ரப்பர் குழாய்க்கும் ஓர் எண்ணெய் முத்திரைக்கும் கவனம் இல்லை. அரங்கத்தில் நான் இதைச் சொன்னபோது பட்டறைக்காரர்கள் சிலர் தலையாட்டினார்கள். வாடிக்கையாளர்கள் உயரமான டயரைத்தான் முதலில் கேட்கிறார்கள், பிரேக் வேலை சொன்னால் காசு பிடுங்குகிறான் என்று நினைக்கிறார்கள் என்பது அவர்கள் தரப்பு. அதிலும் உண்மை இருக்கிறது.

எங்கே தொடங்குவது?

பழைய வண்டி வாங்கியவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஒரு சிறிய சுத்தியல். வண்டிக்குக் கீழே படுத்து, சேசியை நீளவாக்கில் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல எஃகு மணிபோல் ஒலிக்கும். உள்ளே துருப்பிடித்த எஃகு மொத்தென்று ஒலிக்கும். சந்தேகம் வந்த இடத்தில் திருப்புளியால் அழுத்திப் பார்த்தால் விஷயம் வெளியாகிவிடும். பெட்டிச் சட்டம் உள்ளிருந்து அரிக்கும் என்பதால் வெளிச்சாயத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிறப்பாகப் பார்க்க வேண்டியவை ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பின்பக்கக் குறுக்குச் சட்டம், பக்கவாட்டில் நீளும் கைகள்.

"லேண்ட் ரோவர் அலுமினியம், துருப்பிடிக்காது" என்று சொல்வார்கள். பாதி உண்மை. தகடு அலுமினியம்தான். சேசி எஃகு. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவர் எஃகு. கதவுச் சட்டமும் எஃகு. அலுமினியமும் எஃகும் ஒட்டி நிற்கும் இடத்தில் ஈரம் பட்டால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியமே மாவாக உதிரும். ஆகவே மாட்டும்போது இரண்டுக்கும் நடுவே ரப்பர் அல்லது பொருத்தமான பூச்சு வைக்க வேண்டும். ஜப்பானிய வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் வேறு வடிவில் வரும். 1960 முதல் 1984 வரை தயாரான டொயோட்டா எஃப்ஜே40 லேண்ட் குரூசர், நம் நாட்டில் அதிகம் காணப்படும் சுசுகி எஸ்ஜே410 ஆகியவற்றின் உடலே எஃகுதான் என்பதால், சேசியோடு தளத்தகட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பற்ற வைக்கும் வேலை தொடங்குமுன் பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள். எங்கள் வண்டியில் தொட்டி முன்னிருக்கைக்குக் கீழேயே இருக்கிறது. காலியான தொட்டி பத்திரம் என்று நினைப்பது பெரிய தவறு. உள்ளே தங்கும் ஆவிதான் தீப்பற்றும். அதுபோலவே பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

சேசி சரியானதும் பிரேக். உலோகக் குழாய், ரப்பர் குழாய், சக்கரத்தில் உள்ள எண்ணெய் உருளைகள், முதன்மை உருளை என எல்லாவற்றையும் பார்த்து, சந்தேகமானதை மாற்றிவிடுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கலந்த எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியானால் மிதி பலகை பஞ்சுபோல் அமுங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவது நல்லது. வாய்ப்பிருந்தால் ஒற்றை வழிப் பிரேக்கை இரட்டை வழியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு குழாய் போனாலும் இரண்டு சக்கரமாவது பிடிக்கும்.

அடுத்தது ஸ்டியரிங். முட்டிகளிலும் பெட்டியிலும் ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு ரேடியேட்டர். காட்டில் வண்டி மெதுவாக ஊர்கிறது, இயந்திரமோ கடுமையாக உழைக்கிறது. ரேடியேட்டரின் இடுக்கில் சேறு அடைத்தால் சூடேறி நிற்கும். பிறகு மின்கம்பிகள். 1960களின் சில வண்டிகளில் பேட்டரியின் நேர்முனை சேசியோடு இணைக்கப்பட்டிருக்கும். இது தெரியாமல் இக்காலத்து ரேடியோவை மாட்டினால் புகை வந்துவிடும்.

இவ்வளவும் முடிந்து, இருக்கை வார் பொருத்தி, சில வாரம் தார் சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் காட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உயரம் கூட்டினால் என்ன ஆகும்?

இளைஞர்கள் அதிகம் கேட்டது இதைத்தான். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தினால் உடல்தான் மேலே போகும். சக்கரத்துக்கு நடுவே தொங்கும் டிஃபரன்சியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அதை உயர்த்தப் பெரிய டயரால் மட்டுமே முடியும். 28 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குலம் போட்டால் விட்டம் 3 அங்குலம் கூடுகிறது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, ஒன்றரை அங்குலம்.

அந்த ஒன்றரை அங்குலத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? வேகமானி கியர் பெட்டியிலிருந்து கணக்கெடுப்பதால், அது 90 காட்டும்போது வண்டி உண்மையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பிரேக்குக்கு வேலை கூடும். இழுவை குறையும். டயர் உரசாமல் இருக்க உடலை உயர்த்த வேண்டிவரும். உயர்த்தினால் பிரேக் குழாய் நீளம், சுழல்தண்டின் கோணம், ஸ்டியரிங் அமைப்பு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும்.

சாய்மானத்தையும் பாருங்கள். கணக்குக்காக, இடது வலது சக்கரங்களின் இடைவெளி 130 செண்டிமீட்டர் என்றும், வண்டியின் பாரமையம் தரையிலிருந்து 75 செண்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். நின்ற நிலையில் அது கவிழ ஏறத்தாழ 41 பாகை சாய வேண்டும். பாரமையம் 10 செண்டிமீட்டர் ஏறினால் 37 பாகையிலேயே கவிழும். இது அசையாமல் நிற்கும் வண்டிக்கு. ஓடும்போது, வளையும்போது, ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது, இதைவிடக் குறைந்த சாய்விலேயே கவிழ்ந்துவிடும். கூரைமேல் பாரம் ஏற்றுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே உயரம் கூட்டுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். வேண்டிய அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். நல்ல சேற்று டயரும், காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கமும் பாதிக் காட்டைக் கடக்க வைத்துவிடும். சாலையில் 30 அளவு காற்றோடு ஓடும் டயரைச் சேற்றுக்கு முன் 20-க்கு அருகில் இறக்கினால் அது அகன்று தரையைப் பற்றும். தார் சாலைக்குத் திரும்புமுன் மறக்காமல் மீண்டும் நிரப்ப வேண்டும். இதற்கு ஒரு சிறு காற்றுப் பம்பு போதும்.

ஆழம் தெரியாமல்...

"ஸ்னோர்கல் போட்டாச்சு, இனி ஆற்றில் இறங்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்டார். ஸ்னோர்கல் என்பது இயந்திரம் மூச்சு வாங்கும் மூக்கை மேலே கொண்டுபோவது, அவ்வளவுதான். மூக்கு வழியாகத் தண்ணீர் போனால் சிலிண்டருக்குள் அழுத்த முடியாத தண்ணீர் நிறைந்து, உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். அதை ஸ்னோர்கல் தடுக்கிறது. ஆனால் அச்சுக்கும் கியர் பெட்டிக்கும் கூட மூச்சுத் துளைகள் உண்டு. சூடாக ஓடிவந்த டிஃபரன்சியல் குளிர்ந்த ஆற்றில் முங்கியதும் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். மறுவாரம் திறந்து பார்த்தால் எண்ணெய் தே தாரேக் நிறத்தில் இருக்கும். இந்தத் துளைகளுக்கு மெல்லிய குழாய் மாட்டி மேலே கொண்டுவருவது மிகச் சிறிய செலவு. பழைய லேண்ட் ரோவரில் கிளட்ச் அறைக்கு அடியில் ஒரு துளை உண்டு. ஆழமான நீரைக் கடக்குமுன் அதற்கு ஒரு திருகு மூடி போட வேண்டும். கடந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் கசியும் எண்ணெய் உள்ளே தேங்கும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் முன்னோர். 1984-இல் என் அப்பா முதலில் கழியோடு இறங்கி நடந்ததும் அதற்குத்தான். நடந்து கடக்க முடியாத நீரில் வண்டியை விடக் கூடாது. கரையேறியதும் பிரேக்கை மெல்ல மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி, ஈரமான கட்டைகளைக் காய வைக்க வேண்டும்.

வின்ச் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியின் முழுப் பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பாரத்தோடு 2 டன் என்றால் 3 டன், அதாவது ஏறத்தாழ 6,600 பவுண்டு. அந்த முழுத் திறனும் உருளையில் வடத்தின் அடி அடுக்கு மட்டும் மீதி இருக்கும்போதுதான் கிடைக்கும். இறுகிய எஃகு வடம் அறுந்தால் அரிவாள்போல் வீசும். வடத்தைத் தாண்டாதீர்கள், அதன்மேல் கனமான சாக்கைப் போடுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களைத் தள்ளி நிறுத்துங்கள். மரத்தில் வடத்தை நேரடியாகச் சுற்றினால் பட்டை உரிந்து மரம் சாகும். அகன்ற பட்டைக் கச்சையைப் பயன்படுத்துங்கள். வண்டியின் பின்னால் உள்ள இழுவைக் குண்டில் கயிறு மாட்டி வெடுக்கென்று இழுக்கவே கூடாது. அது பிய்ந்து பறந்து உயிர்களைப் பறித்திருக்கிறது.

நேயர்கள் கேட்டவை

பழைய வடிவத்திலேயே வைப்பதா, மாற்றுவதா என்ற கேள்விக்கு அரங்கம் இரண்டாகப் பிரிந்தது. எனக்குப் பிடித்த பதில் ஒரு மூத்த ஃபோர்மன் சொன்னதுதான்: "வெட்டாதீங்க, மாட்டுங்க." சேசியில் புதிதாகத் துளை போடாமல், இருக்கும் துளைகளில் மாட்டக்கூடிய பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். கழற்றிய பழைய பொருளை எழுதி ஒட்டி எடுத்து வையுங்கள். நாளை உங்கள் பிள்ளை பழைய நிலைக்குக் கொண்டுபோக விரும்பினால் வழி இருக்க வேண்டும்.

இயந்திரத்தை ஜப்பானிய டீசலுக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். நம் நாட்டில் அது வழக்கமாகிவிட்ட ஒன்று. ஆனால் இயந்திர எண் மாறுவதால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் சோதனை, பதிவில் திருத்தம் மூன்றும் வேண்டும். உடலமைப்பையோ கட்டமைப்பையோ மாற்றுவதும் அப்படியே. முதலில் அனுமதி கேளுங்கள், பிறகு வேலையைத் தொடங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு "இது பதிவில் உள்ள வண்டியே இல்லையே" என்று அவர்கள் சொன்னால் வாதாட முடியாது.

காட்டுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாமா? கூடாது. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் கீழ், நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய மாநில வன இலாகாவின் அனுமதி தேவை. செம்பனைத் தோட்டப் பாதையும் ஒருவரின் சொத்துதான், கேட்டுவிட்டுப் போங்கள். ஓடைக்குள் வண்டியை விட்டு விளையாடாதீர்கள். கீழே ஓராங் அஸ்லி கிராமத்தில் அதே தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கலாம். சேற்றில் இறங்கியவர்கள் கையில் காலில் காயம் இருந்தால் மூடி வையுங்கள். சில நாளில் காய்ச்சல் வந்தால், சேற்றில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் நம் நாட்டில் உயிர்களைக் கொண்டுபோகிறது. கடைசியாக, ஒற்றை வண்டியாகப் போகவே போகாதீர்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, புது வண்டி வாங்கிவிடலாமே என்றார் ஓர் அம்மா. நியாயமான கேள்விதான். கேமரன் மலைக்குப் போய்ப் பாருங்கள். காய்கறித் தோட்டங்களில் நம்மவர்களும் மற்றவர்களும் இன்றும் பழைய லேண்ட் ரோவர்களில் முட்டைக்கோசு ஏற்றி இறக்குகிறார்கள். கையால் கழற்றிக் கையால் மாட்டக்கூடிய வண்டி என்பதே காரணம். இன்னொரு கதையும் உண்டு. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவரில் லண்டனிலிருந்து புறப்பட்டு, நம் தீபகற்பத்தைக் கடந்து 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அதில் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயரிட்ட வண்டி, காலப்போக்கில் அட்லாண்டிக் கடலில் உள்ள செயிண்ட் ஹெலெனா தீவில் போய்க் கிடந்தது. அதை மீட்டுப் புதுப்பித்தார்கள். 2019-இல் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பி ஓடியது. பிறந்து அறுபது ஆண்டு கடந்த வண்டி! முறையாகப் பார்த்துக்கொண்டால் பழையது பாரமாவதில்லை.

வண்டியை மட்டுமா புதுப்பிப்பது?

நம் நாட்டில் 1997 முதல் மழைக்காடு சவால் போட்டி நடந்து வந்திருக்கிறது. பருவமழைச் சேற்றையே களமாகக் கொண்ட அந்தப் போட்டிக்கு உலகெங்கிலுமிருந்து வந்தார்கள். 1993-இல் கேமல் டிராபி பயணமும் சபா காட்டில் நடந்தது. வெளிநாட்டவர் தேடி வரும் இந்தச் சேற்றில் நம் அப்பாக்களும் தாத்தாக்களும் மாதச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டினார்கள். அவர்களிடம் யாராவது உட்கார்ந்து கேட்டோமா?

தம்பியின் கையில் மாவுக்கட்டு போட்டிருந்தபோது அப்பா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மட்டும் சொன்னார்: "மேட்டுல நின்னுட்டா கிளட்ச தொடக்கூடாதுடா. வண்டிய அணைச்சிடு. கியரே பிடிச்சுக்கும். அப்புறம் ரிவர்ஸ போட்டு, கிளட்ச விட்டுட்டு, கியர்லயே சாவிய திருப்பு. வந்த வழியா நேரா இறங்கிடும். திருப்பப் பார்த்தா கவுந்துரும்." தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்பா இத முன்னாடியே சொல்லல?" என்றான். "நீ கேக்கலையே" என்றார் அப்பா.

எனக்கு அன்று உறைத்தது அதுதான். கீழ் கியரில் போட்டாலே நான்கு சக்கரமும் தானாகச் சேரும், காய்ந்த தார் சாலையில் நான்கு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டினால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு உடையும், இறக்கத்தில் இயந்திரமே பிரேக் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரிந்தவை. ஒரே வீட்டில் இருந்தும் எங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஒன்றரை ஆண்டு இருவரும் சேர்ந்தே வண்டியைக் கழற்றினார்கள். அப்பா முக்காலியில் உட்கார்ந்து சொல்ல, தம்பி செய்தான். சேசியில் துருப்பிடித்த பகுதிகளை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்ற வைத்தார்கள். பிரேக் முழுவதும் புதிது, இரட்டை வழி. ஸ்பிரிங் பழைய உயரத்துக்கே இறங்கியது. டயரும் சிறியதானது. வரிசை விளக்கு கடைக்குப் போனது. வின்ச் மட்டும் இருக்கிறது. இலாகா அனுமதியும் சோதனைச் சான்றும் கோப்பில் இருக்கின்றன.

முதல் ஓட்டத்துக்குச் சாவியை அப்பாவிடம் கொடுத்தோம். எழுபது வயதைத் தாண்டியவர், பிடித்து ஏற்றிவிட வேண்டியிருந்தது. ஏறி அமர்ந்ததும் சாவியைத் திருகவில்லை. முதலில் பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்த்தார். மூன்றாவது முறை மிதித்த காலை எடுக்காமல் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகுதான் "ஏறுங்க" என்றார்.

உங்கள் வீட்டு வாசலிலும் மரத்தடியில் ஒரு பழைய வண்டி நிற்கலாம். அதை ஓட்டியவர் உள்ளே நாளிதழ் படித்துக்கொண்டிருக்கலாம். வண்டியைத் தொடுமுன் அவரிடம் போய் உட்காருங்கள்.